'ஸ்பீசியேஷன்': ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொல்? (குரோமியத்தைச் சிற்றினமாக்கிவிட்டேன், காப்பாற்றுங்கள்)

கயல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நிலத்தடி நீர் பற்றிய அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் 'குரோமியம் ஸ்பீசியேஷன்' என்று ஒரு தலைப்பு. கையிலிருந்த கலைச்சொல் பட்டியலில் 'சிற்றினமாக்கம்' என்று இருந்தது, யோசிக்காமல் போட்டுவிட்டேன். திருத்தி வந்த படியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "குரோமியம் எப்போதிலிருந்து குட்டி போடுகிறது?"

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. மேசையில் இன்னும் இரண்டு வேலை கிடக்கிறது. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகள் பற்றிய கட்டுரை. மற்றொன்று மருத்துவக் கல்லூரி மாணவி ஒருவரின் ஆய்வேட்டுச் சுருக்கம், கேண்டிடா பூஞ்சை பற்றியது. மூன்றிலும் இதே சொல். மூன்றும் ஒரே பொருளா, வேறு வேறா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

மலைக்காட்டான்

பறவைக் கட்டுரையில் வருகிறதே, அதுதான் இந்தச் சொல்லின் பிறந்த வீடு. 1906-இல் ஓ. எஃப். குக் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே உயிரினக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, காலப்போக்கில் ஒன்றோடு ஒன்று கலக்காத இரண்டு சிற்றினங்களாக நின்றுவிடுவது. அவ்வளவுதான்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், மலைத்தொடர் சட்டென்று அறுந்து சமவெளியாகிவிடும், அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். வடக்கே நீலகிரி, தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை, ஆனைமுடி 2,695 மீட்டர். நமக்கு இது அரைமணிப் பயணம். உச்சிச் சோலையின் ஈரத்திலும் குளிரிலும் மட்டுமே வாழும் ஒரு சின்னப் பறவைக்கு இது கடல். இறங்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. அதனால்தான் இந்த உச்சிகளை 'வானத்தீவுகள்' என்கிறார்கள்.

இரண்டு கரையிலும் தனித்தனியாக மரபணு மாற்றங்கள் சேர்ந்தன, பாட்டு மாறியது, நிறம் மாறியது. இன்று கணவாய்க்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே ஆனைமலையிலும் பழனியிலும் வெள்ளை வயிற்றோடு வேறொரு சோலைக்கிளி. அதற்கும் தெற்கே, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது ஒன்று. இந்தப் பறவைகளை ஆசியாவின் வேறு பேரினங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், எதிலும் ஒட்டவில்லை. 2017-இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு இவற்றுக்கென்றே புதுப் பேரினம் வைத்தார்கள். பெயர் 'ஷோலிகோலா'. நம் 'சோலை'யோடு லத்தீனில் 'வசிப்பவர்' என்று பொருள் தரும் ஈறு. சோலைவாசி! (கிளி என்றதும் பச்சைக்கிளியைத் தேட வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. இது நீல நிறத்தில் தரையோடு தத்தித் திரியும் சிட்டு அளவுப் பறவை.)

சந்தேகராஜா

மலைக்காட்டான் அண்ணா, எனக்கு ஓர் இடறல். வடக்குப் பறவையும் தெற்குப் பறவையும் சந்திப்பதே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அவை கலக்குமா, கலக்காதா என்று யாருக்குத் தெரியும்? ஒரே பறவையின் இரண்டு நிறம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. புதுப் பெயர் வைத்தால் கட்டுரை வெளியாகும், அதற்காகப் பிரிக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று, இது நடக்கும்போது பார்த்தவர் எவராவது உண்டா?

மலைக்காட்டான்

முதல் கேள்வி நியாயமானது. கலந்து இனம் பெருக்க முடிந்தால் ஒரே சிற்றினம் என்ற அளவுகோலை 1942-இல் எர்ன்ஸ்ட் மயர் என்ற பரிணாம ஆய்வாளர் திட்டமாகச் சொல்லிவைத்தார். அருமையான அளவுகோல்தான், ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில்தான் அது கைவிடுகிறது. அங்கே மரபணு வேறுபாடு, குரல், உடல் அளவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதில் சண்டையும் உண்டு. சிரிப்பான் என்று இன்னொரு மலைப்பறவை. பழனிச் சிரிப்பானையும் அகத்தியமலைச் சிரிப்பானையும் வெகுகாலம் 'கேரளச் சிரிப்பான்' என்ற ஒரே பெயரில் வைத்திருந்தார்கள், இப்போது இரண்டு. நாளை ஒருவர் வந்து சேர்த்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பிரிவு என்பது கோடு அல்ல, சரிவு. சரிவின் எந்த இடத்தில் பெயரை மாற்றுவது என்பது மனிதர்கள் பிரச்சினை, பறவைக்கு அந்தக் கவலை இல்லை.

இதைக் கண்ணால் காட்டும் பறவை ஒன்று நம் ஊருக்கே வருகிறது. குளிர்காலத்தில் தென்னிந்திய மரங்களில் ஓயாமல் கத்திக்கொண்டு பூச்சி தேடும் பச்சை நிறக் கதிர்க்குருவி. அதன் கூட்டங்கள் திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி வளையம்போல் இருக்கின்றன. தெற்கே இமயத்தில் தொடங்கி மேற்காகவும் கிழக்காகவும் வடக்கே போகப் போக, பக்கத்துக் கூட்டங்களின் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. சைபீரியாவில் இரண்டு முனையும் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டு மற்றதற்குப் புரிவதில்லை, பெரும்பாலும் இணை சேர்வதில்லை. இடையில் எங்கே கோடு போடுவீர்கள், சொல்லுங்கள்?

இரண்டாவது கேள்விக்கு: பார்த்திருக்கிறார்கள். பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அங்கே பல பத்தாண்டுகள் ஒவ்வொரு குருவியாகப் பிடித்து வளையம் மாட்டிக் கணக்கு வைத்தவர்கள். 1981-இல் அறிமுகமில்லாத பெரிய ஆண் குருவி ஒன்று வந்து இறங்கியது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் மரபணு காட்டியது. அது உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்தது. பிள்ளைகள் அப்பனின் புதுப் பாட்டைக் கற்றன, அலகும் வேறு அளவு, உள்ளூர்க் குருவிகள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. தமக்குள்ளேயே இணைசேர்ந்து சில தலைமுறைகளில் தனி வம்சமாகிவிட்டன.

செடிகளில் இன்னும் வேகம். ஐரோப்பிய உவர்ச்சதுப்புப் புல் வகை ஒன்றும், அமெரிக்காவிலிருந்து கப்பலோடு வந்த அதன் உறவு ஒன்றும் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கழிமுகத்தில் கலந்தன. பிறந்த கலப்பு மலடு. பிறகு அதன் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகி வளமான புதுப் புல் வந்தது, தாய் தந்தை இரண்டோடும் கலக்காது. நாம் சப்பாத்தி சுடும் கோதுமையும் இப்படி இரண்டு முறை கலந்து, 42 குரோமோசோம்களோடு வந்ததுதான்.

யாழ்வாசி

இடையில் ஒரு சொல். எங்கள் பக்கப் பாடப்புத்தகத்தில் ஸ்பீசிஸ் என்றால் 'இனம்', ஜீனஸ் என்றால் 'சாதி'. தமிழ்நாட்டில் 'சிற்றினம்', 'பேரினம்'. ஆகவே கயல், யார் வாசிக்கப் போகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், 'ஆக்கம்' என்ற ஈறு எனக்கு உறுத்துகிறது. ஆக்கம் என்றால் யாரோ ஒருவர் ஆக்குகிறார். பாலக்காட்டில் யாரும் உட்கார்ந்து பறவை ஆக்கவில்லை. அது தானாக ஆனது. 'சிற்றினமாதல்' அல்லது 'இனமாதல்' என்றால் பொருள் தானாக வந்துவிடும்.

கயல்

யாழ்வாசி ஐயா, இது என் மண்டையில் படவே இல்லை. ஆதல், ஆக்கல். பறவைக் கட்டுரைக்குச் 'சிற்றினமாதல்' என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் குரோமியம் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது.

நீர்ச்சோதனை

குரோமியம் என் தொழில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் வேலை நடக்கும் ஊர்களின் தண்ணீரைச் சோதித்துத்தான் என் தலை நரைத்தது.

வேதியியலில் ஸ்பீசிஸ் என்றால் ஒரு தனிமம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது: எந்த ஆக்சிஜனேற்ற எண் (எத்தனை எலக்ட்ரானை இழந்த கணக்கு), எதோடு பிணைந்திருக்கிறது, எந்த மூலக்கூறுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோல் பதனிடப் போடுவது குரோமியம்-3 (3 என்பது அந்த ஆக்சிஜனேற்ற எண்). தோலில் போய் இறுகப் பிடித்துக்கொள்ளும், நீரில் எளிதில் நகராது, அவ்வளவு கெடுதலும் இல்லை. அதே குரோமியம் 6 ஆனால் மஞ்சளாக நீரில் கரைந்து ஓடும், செல்லுக்குள் சுலபமாக நுழையும், புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியானது. இரண்டும் ஒரே தனிமம். 'மொத்தக் குரோமியம் இவ்வளவு' என்ற எண் மட்டும் கொடுத்தால், வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அதில் எத்தனை பேர் கையில் கத்தி என்று சொல்லாமல் விடுவதுபோல.

காசு விஷயமும் இருக்கிறது. உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினாலே விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் விதி வைத்திருக்கிறது. இங்கே கிளம்பும்போது 3 ஆக இருந்தது, சூடும் வெளிச்சமும் தோலில் போட்ட எண்ணெயும் சேர்ந்து வழியில் கொஞ்சம் 6 ஆக்கிவிடும். சரக்கு திரும்பி வந்தால் அழுவது ஆம்பூர்தான்.

கயல், இதற்குச் 'சிற்றினம்' பக்கமே போகாதீர்கள். நாங்கள் பேச்சில் 'எந்த ஃபார்ம்' என்றுதான் கேட்போம்.

சந்தேகராஜா

சார், மொத்தத்தை அளந்து, அதில் கெட்டது இவ்வளவு இருக்கும் என்று ஒரு விகிதம் போட்டுவிட முடியாதா? எதற்கு இவ்வளவு வம்பு?

நீர்ச்சோதனை

போடலாம், தப்பாக. ஆர்சனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மீனையும் இறாலையும் அரைத்து மொத்த ஆர்சனிக் பார்த்தால் எண்ணைப் பார்த்தே சாப்பாடு இறங்காது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற கரிம வடிவம். உடம்பு அதை அப்படியே வெளியே அனுப்பிவிடும், கெடுதல் இல்லை. அதே எண் கிணற்று நீரில் வந்தால் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். வங்காளத்துக் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் பெரும்பாலும் 3 வடிவில் வருகிறது. அதற்கு நடுநிலை நீரில் மின்னூட்டம் இல்லை, இரும்பு வடிகட்டியில் சரியாக ஒட்டாமல் நழுவிவிடும். முதலில் குளோரின்போல எதையாவது போட்டு 5 ஆக்கினால் மின்னூட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். வடிவம் தெரியாமல் வடிகட்டி வாங்கினால் பணம் தண்ணீரில்.

பாதரசமும் அப்படியே. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளியில் தெரிந்த நோய்க்குக் காரணம் மெத்தில்பாதரசம், கடலிலிருந்து மீன் வழியாக மனிதருக்குப் போனது.

இதில் எனக்கே நடந்த ஒரு கோளாறைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உலோகம் பார்க்கும் எல்லா மாதிரிக்கும் ஊற்றுவதுபோல் குரோமியம்-6 மாதிரிக்கும் நைட்ரிக் அமிலம் ஊற்றி எடுத்து வந்தேன். ஆய்வகத்தில் பார்த்தால் 6 காணவில்லை. சந்தோஷப்பட்டேன்! மேலதிகாரி பாட்டிலை முகர்ந்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். அழுக்கு நீரில் அமிலம் சேர்ந்தால் 6 வழியிலேயே 3 ஆகிவிடும். அதற்குக் காரத் தாங்கல் கரைசல் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, சீக்கிரம் ஓட வேண்டும். அளக்கப் போகும் பொருளையே நாம் மாற்றிவிடும் ஆபத்து இந்த வேலையில் எப்போதும் உண்டு.

இறால்பண்ணை

படித்தவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். நாகப்பட்டினம் பக்கம் இறால் குளம் வைத்திருக்கிறேன். அம்மோனியா சோதனைப் பெட்டியில் காலையிலும் மாலையிலும் ஒரே நிறம்தான் வருகிறது, ஆனால் இறால் மத்தியானத்துக்கு மேல்தான் சோர்கிறது. சார் சொல்வதைப் படித்ததும் இதுவும் அந்த 'வடிவம்' கதைதானோ என்று தோன்றியது.

நீர்ச்சோதனை

அண்ணே, நூற்றுக்கு நூறு அதுதான். உங்கள் பெட்டி காட்டுவது மொத்தம். அதில் அம்மோனியம் அயனி அதிகம் கடிக்காது, மின்னூட்டமில்லாத அம்மோனியாதான் செவுளுக்குள் புகுந்து கொல்லும். எது எவ்வளவு என்பதை பி.எச்., அதாவது நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், தீர்மானிக்கிறது. 25 டிகிரி நன்னீரில் பி.எச். 7 என்றால் கெட்ட வடிவம் சுமார் அரை சதவீதம். 8 என்றால் 5 சதவீதம். 9 என்றால் 36 சதவீதம்! மத்தியானம் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் குளத்தின் பி.எச். ஏறுகிறது, சூடும் ஏறுகிறது. மொத்தம் மாறவில்லை, பங்கீடு மாறிவிட்டது. உப்பு நீரில் இந்த எண்கள் சற்றுக் குறையும், போக்கு ஒன்றே. மாலை மூன்று மணிக்கு அம்மோனியாவோடு பி.எச்.-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

ஆய்வுக்கூட அக்கா

மூன்றாவது வேலை என் துறை, அதனால் வந்தேன். கயல், மருத்துவ நுண்ணுயிரியலில் 'ஸ்பீசியேஷன் ஆஃப் கேண்டிடா ஐசொலேட்ஸ்' என்று வந்தால் அங்கே எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்தோ சிறுநீரிலிருந்தோ வளர்த்த பூஞ்சை எந்தச் சிற்றினம் என்று கண்டுபிடிக்கிறோம், அவ்வளவுதான். மலைக்காட்டான் அண்ணன் சொன்ன பொருளில் பார்த்தால் இது அந்தச் சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வந்த பயன்பாடு. ஆனாலும் நம் நாட்டு ஆய்வேடுகளில் பாதி இந்தத் தலைப்பில்தான் வருகிறது, இனி மாற்ற முடியாது.

வேலை சுவாரசியமானது. சீரத்தில் போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் அல்பிகன்ஸ் என்ற கேண்டிடா சிற்றினம் முளைக்குழாய் விடும். நிறம் காட்டும் அகார் தட்டில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குருசி இளஞ்சிவப்பு. இதெல்லாம் எதற்கு? குருசிக்கு ஃப்ளூகனசோல் என்ற பூஞ்சை மருந்து இயல்பாகவே வேலை செய்யாது. 'கேண்டிடா' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மருத்துவர் அந்த மருந்தையே ஆரம்பித்துவிடுவார்.

தப்பான பெயர் என்ன செய்யும் என்பதற்குக் கேண்டிடா ஆரிஸ். 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது, ஆரிஸ் என்றாலே லத்தீனில் காது. பல மருந்துக்கு அடங்காதது. பழைய உயிர்வேதிச் சோதனைகள் இதை ஹீமுலோனி என்ற வேறு கேண்டிடாவாகத் தவறாகக் காட்டும். இப்போது மால்டி-டாஃப் கருவி புரதங்களின் நிறைகளை வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது, அதன் தரவுத்தளத்தில் ஆரிஸ் இருந்தால்.

நிரலன்

என் பங்குக்கு நான்காவது ஒன்று. செயற்கை நரம்பு வலைப்பின்னல்களைப் பரிணாம முறையில் வளர்க்கும் 'நீட்' என்ற முறையை 2002-இல் ஸ்டான்லியும் மீக்குலைனனும் வெளியிட்டார்கள். அதில் ஸ்பீசியேஷன் என்பது நிரல் செய்யும் ஒரு வேலை. புதிதாக ஒரு முடிச்சு சேர்ந்த வலைப்பின்னல் ஆரம்பத்தில் மோசமாகத்தான் ஓடும், பழசுகளோடு போட்டிக்கு விட்டால் அன்றே செத்துவிடும். அதனால் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பவற்றைக் குழுவாகப் பிரித்து, போட்டியைக் குழுவுக்குள்ளேயே நடத்துவோம். பாலக்காட்டுக் கணவாயை நாமே வெட்டிவிடுவது மாதிரி. யாழ்வாசி ஐயா, இங்கே 'ஆக்கம்' பொருந்தும்!

யாழ்வாசி

பொருந்தும், தம்பி. ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. லத்தீனில் 'ஸ்பீசிஸ்' என்றால் தோற்றம், வடிவம், வகை. ஆங்கிலத்தில் மசாலாப் பொருளைக் குறிக்கும் 'ஸ்பைஸ்' கூட அதே வேரிலிருந்து வந்ததுதான், சரக்கு வகைகள் என்ற பொருளில். அப்படிப் பார்த்தால் 'வடிவம்' என்ற வேதியியல்காரர் பொருள்தான் வேருக்கு நெருக்கம். சிற்றினம் என்பது பிறகு வந்த குடித்தனம். ஆனால் நம் கலைச்சொல் பட்டியல்கள் உயிரியலில் மட்டும் நின்றுவிட்டதால் கயல் மாட்டிக்கொண்டார்.

கயல்

நீர்ச்சோதனை சார், ஒரு சின்னக் குழப்பம். அறிக்கையில் சில இடத்தில் ஸ்பீசியேஷன் என்றால் குரோமியம் இப்படி இப்படிப் பிரிந்திருக்கிறது என்ற நிலை. சில இடத்தில் அதை அளக்கும் வேலை. எதற்கு எந்தச் சொல்?

நீர்ச்சோதனை

வேதியியல்காரர்களுக்கே இருந்த குழப்பம் அது. 2000-இல் ஐயுபேக் என்ற வேதியியலாளர்களின் உலக அமைப்பு உட்கார்ந்து தீர்த்துவைத்தது: ஒரு தனிமம் தன் பல வடிவங்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக் கிடக்கிறது என்பதற்கு ஸ்பீசியேஷன், அளக்கும் வேலைக்கு 'ஸ்பீசியேஷன் அனாலிசிஸ்'. சொல்லியும் பாதிப் பேர் கேட்பதில்லை, நான் உட்பட.

கயல்

அப்படியானால் நீர் அறிக்கையில் நிலைக்கு 'வேதிவடிவப் பங்கீடு', வேலைக்கு 'வேதிவடிவப் பகுப்பாய்வு'. பங்கீடு என்ற சொல் இறால்பண்ணை அண்ணனுக்கு நீங்கள் எழுதிய பதிலிலிருந்து எடுத்தது. மாணவியின் ஆய்வேட்டில் 'சிற்றினம் அறிதல்'. பறவைக்குச் 'சிற்றினமாதல்'. நிரலனுக்கு இப்போதைக்கு வேலை இல்லை, வந்தால் பார்க்கலாம்.

திருத்தி அனுப்பினேன். சிவப்பு மைக்காரரிடமிருந்து வந்த பதில்: "பங்கீடு நன்று. 14-ஆம் பக்கத்தில் குரோமியம் இன்னும் சிற்றினமாகவே இருக்கிறது." தேடி மாற்றும்போது ஒன்றை விட்டிருக்கிறேன்.

இறால்பண்ணை

நேற்று மூன்று மணிக்குப் பார்த்தேன் சார். காலையில் பி.எச். 7.9, மத்தியானம் 8.8. தண்ணீர் மாற்றினேன், தீவனத்தையும் குறைத்திருக்கிறேன். கயல் தங்கச்சி, அந்த அம்மோனியாக் கணக்கைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் தமிழில் போட்டுக் கொடுத்தால் கொட்டகையில் ஒட்டி வைப்பேன். பையன்களுக்குத் தசமப் புள்ளி எல்லாம் வேண்டாம், பச்சை மஞ்சள் சிவப்பு போதும்.

கயல்

கட்டாயம் அண்ணா. உங்கள் குளத்து உப்பளவும் வெப்பநிலையும் எழுதுங்கள், நீர்ச்சோதனை சாரிடம் எண்களைச் சரிபார்த்து வாங்கிப் போட்டுத் தருகிறேன்.